கேஷ், காசு: மகளின் பேச்சில் எதைச் சொல்லலாம்?

கேள்வி: ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் ‘காசு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று மகளின் பேச்சுப் போட்டிக்கு எழுதியிருக்கிறோம். நடுவர்கள் மறுப்பார்களா?

பதில்: விவரம் அறிந்த நடுவர் மறுப்பார். ஆனால் அந்த வரியை நீக்க வேண்டாம், திருத்தினால் போதும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. அவற்றில் ஒன்றுதான் நம்முடையது. தமிழில் பாதிரி என்ற மரமும், போர்த்துக்கீசியர் வழியே வந்த பாதிரியாரும் இல்லையா? அப்படித்தான்.

ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ லத்தீனில் பெட்டியைக் குறித்த ‘காப்சா’விலிருந்து வந்தது. இத்தாலியில் அது ‘காஸ்ஸா’ ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியைக் குறித்தது. பிறகு உள்ளிருந்த பணத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ‘கல்லாவை எண்ணு’ என்று நாம் சொல்லும்போது எண்ணப்படுவது பெட்டி அல்லவே! சூட்கேஸில் உள்ள ‘கேஸ்’ இதன் உடன்பிறப்பு.

இன்னொரு ‘கேஷ்’ ஒரு நாணயத்தின் பெயர். அதுதான் நம் காசு. இங்கு வந்த போர்த்துக்கீசியர் அதைக் ‘காய்ஷா’ என்றார்கள்; அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்தான். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள். தமிழ்ச் சொல் சீனக் கடைத்தெரு வரை போயிருக்கிறது!

மகளுக்கு ஒரு நல்ல சான்றும் இருக்கிறது. மதராஸுக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சடித்த 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. பின்னாளில் மீட்கப்பட்ட அந்த நாணயங்களில் 1808 என்ற ஆண்டும் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்ற பெயரும் இருக்கின்றன.

பேச்சில் இப்படிச் சொல்லட்டும்: “ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ லத்தீன் வழி வந்தது. ஆனால் கம்பெனி தன் செப்பு நாணயத்தில் பொறித்த ‘கேஷ்’, நம் காசு.”