புக்கரும் மாப்பிள்ளையும்

கேள்வி: மல்யுத்த வீரர் ஜிந்தர் மஹாலைத் திடீரென்று சாம்பியன் ஆக்கினார்கள். அப்புறம் டெல்லிக்கே கூட்டி வந்து தோற்கடித்தார்கள். அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் புக்கிங் ஏன் இப்படிச் சொதப்புகிறது? (வாசகர், திருப்பூர்)

பதில்: புக்கிங் என்றாலே எனக்கு இரண்டு பேர் ஞாபகம் வரும். முதல் ஆள் எங்கள் அலுவலகத்தில் புரூஃப் பார்ப்பவர். முன்பொரு தடவை நான் மல்யுத்தம் பற்றி எழுதியபோது, 'புக்கிங்' வந்த இடத்திலெல்லாம் 'முன்பதிவு' என்று திருத்தி வைத்தார். யார் ஜெயிப்பது, யார் விழுவது என்று உட்கார்ந்து முடிவு செய்வதுதான் அங்கே புக்கிங், முடிவு செய்பவர் புக்கர் என்று அரைமணி நேரம் விளக்கினேன். "அப்ப அதுவும் முன்பதிவுதானே சார்?" என்றார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அவர் கணக்குப்படியே பார்த்தால் ஜிந்தருக்குக் கிடைத்தது தட்கல் டிக்கெட். அடி வாங்குவதற்கென்றே வைத்திருந்த ஆள், வெயிட்டிங் லிஸ்ட்டின் வாலில் கிடந்தவர். 2017 ஏப்ரலில் ஆறு பேர் மோதிய போட்டியில் ஜெயித்தார். மே 21 அன்று ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி சாம்பியன். ஐந்தே வாரத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஏசி! இந்தியச் சந்தைக்காகத்தான் என்று ஊரே பேசியது. (அவர் பிறந்தது கனடாவின் கால்கரியில். கம்பெனிக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?)

சரி, இந்தியாவுக்காக என்றால் டெல்லி ஸ்டேஷன் வரைக்குமாவது படுக்க விட்டிருக்கலாம். டெல்லி நிகழ்ச்சி டிசம்பர் 9. நவம்பர் 7-லேயே மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸ் என்ற வீரர் சாம்பியன் பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டார். வெறும் இடுப்போடு வந்தவரை டெல்லியில் தட்டி எழுப்பி, "கொஞ்சம் நகருங்க, மாப்பிள்ளை உட்காரணும்" என்றார்கள். மாப்பிள்ளை என்றால் நிஜமான மாப்பிள்ளை. அப்போதைய முதலாளி வின்ஸ் மக்மேனின் மகளைக் கட்டிய மல்யுத்த வீரர் ட்ரிபிள் எச். அப்போது வயது 48, கம்பெனியில் பெரிய பதவி. ஜெயித்தது அவர்தான். ஜெயித்த கையோடு ஜிந்தருடன் பாங்க்ரா வேறு ஆடினார். தலை தீபாவளிக்கு வந்தவர் மச்சானின் சைக்கிளைப் பிடுங்கி ஓட்டிவிட்டு, மச்சானையே பின்னால் உட்கார வைத்து ஒரு ரவுண்டு அடித்த மாதிரி.

இந்தப் பக்கத்தில் ட்ரிபிள் எச்சைத் திட்டுவதில்லை என்று பொங்கலுக்கு எடுத்த சபதம் உங்களால் போச்சு. போனது போகட்டும், பழைய பாக்கியையும் தீர்த்துவிடுகிறேன்.

ஞாபகம் வரும் இரண்டாவது ஆள் புக்கர் டி என்ற மல்யுத்த வீரர். பெயரில் மட்டும்தான் புக்கர், முடிவெடுத்தவர்கள் வேறு. 2003, சியாட்டிலில் 19-வது ரெஸில்மேனியா, கம்பெனியின் வருடாந்திரப் பெரிய திருவிழா. சாம்பியன் பட்டத்துக்காக ட்ரிபிள் எச்சோடு புக்கர் டி மோதல். அதற்கு முந்தைய வாரங்களில் கறுப்பினத்தவரான அவரைப் பார்த்து, உன்னைப் போன்ற ஆட்களுக்கெல்லாம் சாம்பியன் பட்டம் கிடையாது, நீ சிரிக்க வைக்கவும் ஆடிக் காட்டவும் வந்தவன் என்று பேசினார் ட்ரிபிள் எச். கதையில் அவர் வில்லன், பேசட்டும். ஆனால் அப்படிப் பேசினவன் கடைசியில் விழ வேண்டும். தெருக்கூத்தில் துரியோதனன் ராத்திரி முழுக்க எகிறலாம், விடியும்போது தொடையில் அடி விழுந்தாக வேண்டும். சியாட்டிலில் விழுந்தது புக்கர் டி. அதுவும் அவரை ஒரே தூக்காகச் சாய்த்துவிட்டு, சாவகாசமாகத் தவழ்ந்து வந்து, அவர் மேல் கையைப் போட்டு ஜெயித்தார் வில்லன். பேசினது அத்தனையும் நிஜம் என்று கம்பெனியே முத்திரை குத்தியதுபோல் ஆனது.

மாப்பிள்ளை முறுக்கு என்று இதை ஒதுக்கவும் வழியில்லை. அந்தக் கல்யாணம் நடந்ததே அதற்கப்புறம், அதே வருடம் அக்டோபரில்தான்.