ஆண் பூனை சிறுநீர் போகாமல் முக்கினால் காத்திருக்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் இருக்கிறீர்கள், நேற்று இரவிலிருந்து உங்கள் ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மலச்சிக்கலைவிடச் சிறுநீர் அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். மணல் போன்ற படிகமோ சளிபோன்ற கசடோ சிக்கினால் அடைத்துவிடும். அப்புறம் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். ஓரிரு நாளில் உயிர் போகும் விஷயம் இது. வயிற்றை அமுக்காதீர்கள். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, பூனைக்கு அது விஷம்.

இப்போதே கூடையில் துண்டு விரித்து, ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பக்கத்திலேயே டாக்டர் இருந்தால் அங்கே. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு அடைப்பை எடுப்பார்கள். சில நாள் அங்கேயே வைக்கச் சொல்லலாம், பயப்படாதீர்கள்.

திரும்ப வரக்கூடிய நோய் இது. அதனால் குணமான பிறகு நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் அகலமான கிண்ணம் வையுங்கள். காசிமேட்டுக் கருவாடு எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள், உப்பு அதிகம். என்ன ஆச்சு என்று கட்டாயம் எழுதுங்கள்.