தக்காளி பாத்தியிலயே சோம்பு வைக்கலாமா?

சோம்பை தக்காளி, பீன்ஸ் கூட ஒரே பாத்தில வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க, வேணாம்னுதான் சொல்லுவேன். சோம்புக்கு அந்த வாசனை குடுக்கற எண்ணெய்ல அனெத்தோல், ஃபென்கோன்னு சில சமாச்சாரம் இருக்கு, சோம்பு சாறு ஊத்தி லேப்ல டெஸ்ட் பண்ணப்ப மத்த விதைங்க முளைக்கறதும் வேர் விடறதும் குறைஞ்சிருக்கு. தோட்ட மண்ணுலயும் அதே அளவு பாதிப்பு வரும்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அது மட்டுமே பிரச்சனை இல்லையே, ஆளு ஆறடி வரைக்கும் வளர்ந்து நிழல் கட்டும், ஆணிவேர் ஆழமா போய் தண்ணிய இழுக்கும், பக்கத்துல இருக்கற சின்ன நாத்துக்கு மிச்சம் என்ன இருக்கும் சொல்லுங்க!

அதுக்காக சோம்பே வேணாம்னு விட்டுடாதீங்க. பூத்ததும் கிட்ட போய் பாருங்க, குடை விரிச்ச மாதிரி குட்டி குட்டி மஞ்சப் பூ, அது மேல தேனீ மாதிரியே பட்டை போட்டுட்டு அந்தரத்துல அசையாம நிக்கும் ஒரு ஈ, அதோட புழுதான் செடிச்சாறு குடிக்கற அசுவினிப் பூச்சிய ஒண்ணொண்ணா உறிஞ்சி காலி பண்றது. அதனால தோட்டத்து ஓரமா நாலஞ்சு அடி தள்ளி வைங்க, இல்லன்னா ஒரு அடிக்கு மேல ஆழமான தொட்டில போடுங்க. விதைய முத்தினதும் அறுத்துடுங்க, விட்டா அடுத்த சீசன் பாத்தி பூரா சோம்புதான், நான் பிடுங்கி பிடுங்கி அலுத்துட்டேன். அப்புறம் நேரா விதைச்சிடுங்க, நாத்து பிடுங்கி நட்டா வேர் அடிபட்டு சீக்கிரமே பூவுக்கு போயிடும், அடித்தண்டு கிழங்கு மாதிரி உருண்டு பருக்கற வகைன்னா சுத்தமா வேஸ்ட்டு.