ஸ்ட்ரீமருடன் கட்டண மென்பொருளும் தனி சர்வரும் கட்டாயமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இருந்த சுமார் 900 இசைக் குறுந்தகடுகளை ஃபிளாக் கோப்புகளாக மாற்றி ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். அண்மையில், வீட்டு நெட்வொர்க் வழியாக வரும் இசைக் கோப்புகளை இசைக்கும் ஸ்ட்ரீமர் ஒன்றை வாங்கினேன். ரூன் என்ற கட்டண இசை நூலக மென்பொருளையும் அதற்கென ஒரு சர்வர் பெட்டியையும் சேர்த்து வாங்கினால்தான் ஒலி முழுத் தரத்தில் கிடைக்கும், இலவச மென்பொருள்களில் தரம் குறைந்துவிடும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நூலகம் முழுவதையும் தாமே ஒழுங்குபடுத்தித் தருவதாகவும் கூறுகிறார். என்ன செய்வது?"

இப்போதைக்குப் பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

ஒலியைப் பற்றிய அச்சத்தை முதலில் போக்கிக்கொள்ளலாம். குறுந்தகட்டில் உள்ள இசை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவானது. ஃபிளாக் அதை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கிவைத்து, இசைக்கும்போது ஒரு பிட் கூட மாறாமல் திரும்ப விரித்துக் கொடுக்கிறது. நூலக மென்பொருளின் வேலை அந்தக் கோப்பைத் தேடி எடுத்து ஸ்ட்ரீமரிடம் ஒப்படைப்பது. ஒலியை உண்டாக்குவது ஸ்ட்ரீமரும் அதற்குப் பின்னால், டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின் சமிக்ஞையாக மாற்றும் டி.ஏ.சி.யும் ஆம்பிளிஃபயரும்தான். ஐயம் இருந்தால் பாடல் ஓடும்போது ஸ்ட்ரீமரின் திரையைப் பாருங்கள். 44.1 என்று காட்டினால் மாதிரி வீதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற அளவை, வழியில் யாரும் மாற்றவில்லை என்று பொருள். 48 என்றோ 96 என்றோ காட்டினால் ஏதோ ஒரு அமைப்பு அதை மாற்றிக்கொண்டிருக்கிறது; அதைத் தேடி அணைத்துவிட்டால் போதும், புதிய மென்பொருள் தேவையில்லை. பாடலுக்குப் பாடல் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும் அணைத்து வையுங்கள். இலவச மென்பொருளில் ஒலி மெலிந்துவிட்டது என்று பலர் சொல்வதற்கு அந்த ஒரு வசதியே காரணமாக இருக்கிறது.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் ஸ்ட்ரீமர் எந்தெந்த இணைப்பு முறைகளை ஏற்கும் என்பதுதான். ரூன் தனக்கே உரிய முறையில் இயங்குவது, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் வீட்டு நெட்வொர்க்கில் ஒன்றோடொன்று பேச உதவும் யு.பி.என்.பி. என்ற பொது முறையை அது ஆதரிப்பதில்லை. ஆகவே யு.பி.என்.பி. மட்டுமே உள்ள ஸ்ட்ரீமருக்கு ரூன் வாங்கினால், கருவியும் மென்பொருளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கிடக்கும். இந்த விஷயத்தில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். கருவி தன்னோடு ஒத்தியங்கும் என்று ரூன் தரும் சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே "ரூன் ரெடி" முத்திரையைப் போட்டுக் கருவிகளை விற்ற நிறுவனங்கள் இருந்தன; 2020-ஆம் ஆண்டில் சான்றிதழ் பெறாத கருவிகளை ரூன் தன் பட்டியலிலிருந்து முடக்கத் தொடங்கியபோது, முத்திரையை நம்பி வாங்கியவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ரூன் தன் இணையதளத்தில் வெளியிடும் பட்டியலில் உங்கள் கருவியின் சரியான மாடல் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஸ்ட்ரீமர் யு.பி.என்.பி.யை ஏற்கும் என்றால், லிரியன் மியூசிக் சர்வர் என்ற நூலக மென்பொருளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. முற்றிலும் இலவசமான இது பழைய மடிக்கணினியிலும் ஓடும், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலும் ஓடும், யு.பி.என்.பி. கருவிகளோடு பேசுவதற்கு பிளக்-இன் எனப்படும் ஒரு துணை நிரலை மட்டும் சேர்க்க வேண்டும். இதன் வரலாறே இதற்கு ஒரு நற்சான்று. ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசை ஸ்ட்ரீமர்களுக்காக உருவான இந்த மென்பொருள் 2006-இல் லாஜிடெக் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2012-இல் கருவிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது, 2024-இல் அவற்றின் இணையச் சேவையும் மூடப்பட்டது. ஆனாலும் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், தன்னார்வலர்கள் அதை லிரியன் என்ற புதுப்பெயரில் தொடர்ந்து நடத்திவருகிறார்கள். உங்கள் தொகுப்பில் மேற்கத்தியச் செவ்விசை மிகுதியாக இருந்து, இசையமைப்பாளர், இசைநடத்துநர், இசைக்குழு என்று தனித்தனியே தேட விரும்பினால் மினிம்சர்வர் என்ற மென்பொருள் அதைவிடப் பொருத்தமானது. ரூனின் அருமை வேறிடத்தில் இருக்கிறது: கலைஞர் வரலாறு, ஒரு பதிவில் யார் யார் வாசித்தார்கள், அவர்கள் வேறு எதில் வாசித்திருக்கிறார்கள் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் படித்துக்கொண்டே போகலாம். அந்த இன்பத்துக்காகப் பணம் கொடுப்பது தவறில்லை. ஒலி கெட்டுவிடும் என்று அஞ்சிக் கொடுப்பதுதான் தவறு.

விற்பனையாளர் ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொன்னது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. பாடலின் பெயர், ஆல்பம், கலைஞர், ஆண்டு ஆகிய விவரங்களை டேக் என்கிறோம். இவற்றை ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதலாம்; கோப்பைத் தொடாமல் மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் எழுதிவைக்கவும் செய்யலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயர் எழுதுவதற்கும் நூலகப் பதிவேட்டில் மட்டும் எழுதிவைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. பதிவேடு தொலைந்தால் இரண்டாவது வகையில் எதுவும் மிஞ்சாது. ரூன் உங்கள் கோப்புகளை மாற்றுவதே இல்லை. திருத்தங்களைத் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. மூலக் கோப்பைக் காக்கும் நல்ல கொள்கை அது, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் ரூனுக்குள் உட்கார்ந்து 900 ஆல்பங்களைத் திருத்திக் கொடுத்து அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டால், நீங்கள் வேறு மென்பொருளுக்கு மாறும் நாளில் அந்த உழைப்பு தானாக உங்களோடு வராது. அவரிடமே மீண்டும் போய் நிற்க வேண்டியிருக்கும். சிலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள்.

ஆகவே டேக்குகளை நீங்களே கோப்புக்குள் எழுதுங்கள். அதற்கான மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருள் இலவசமானது. ஆல்பத்தை அடையாளம் கண்டு விவரங்களைத் தானே நிரப்பும். அதில் "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்ற கட்டத்தைக் கவனியுங்கள். பல பாடகர்கள் பாடிய 14 பாடல்கள் கொண்ட தொகுப்பில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், பல மென்பொருள்கள் ஒரே அட்டைப்படத்தை 14 முறை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாடலை வைக்கும். 14 பாடல்களுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே பெயரை எழுதி மீண்டும் ஸ்கேன் செய்தால் ஆல்பம் ஒன்றுசேர்ந்துவிடும். மென்பொருள் சரியில்லை, உயர்ந்ததை வாங்குங்கள் என்று சொல்லப்படும் புகார்களில் கணிசமானவை இந்த ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடுகின்றன. ஃபிளாக்கைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாக மாற்றினால் ஒலி கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இடம் இருமடங்காகும், வேவ் கோப்பின் டேக்குகளைப் பல கருவிகள் ஒழுங்காகப் படிக்காது, ஒலி இருந்தபடியே இருக்கும்.

மென்பொருளைப் பொறுத்து ஒலியில் வேறுபாடு வருவதில்லை என்றேன். ஓர் இடத்தில் மட்டும் காதுக்கே தெரியும் வேறுபாடு வரும். அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். சில ஆல்பங்களில் ஒரு பாடல் முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்கும். மேடைக் கச்சேரிப் பதிவுகளில் கைதட்டல் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு வழிந்தோடும். செவ்விசையில் ஒரு பகுதி நிற்காமல் அடுத்த பகுதிக்குள் நுழையும். அந்த எல்லையில் அரை நொடி அமைதி விழுந்தால், கைதட்டல் கத்தியால் வெட்டியதுபோல் நின்று மீண்டும் தொடங்கும். இது நேராமல் இருக்க, ஒரு பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாடலின் முகவரியை ஸ்ட்ரீமருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். யு.பி.என்.பி.யில் அதற்கென ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் விதியை எழுதியவர்கள் அதைக் கட்டாயமாக்காமல் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்! அதனால் சில ஸ்ட்ரீமர்களில் அது இல்லை; சிலவற்றில் இருந்தும் ஒழுங்காக வேலை செய்வதில்லை; பாடல்களை இயக்கும் செல்பேசிச் செயலிகளிலும் சில அந்தக் கட்டளையை அனுப்புவதே இல்லை. கருவிகளின் ஒத்திசைவுக்கென்று 2003-இல் தொடங்கப்பட்ட டி.எல்.என்.ஏ. அமைப்பு, இத்தனை எளிய ஒன்றை உறுதிசெய்யாமலேயே 2017-இல் கலைந்தும் போனது. இன்றும் பல உற்பத்தியாளர்கள் இதைத் தெளிவாகப் பெட்டியில் அச்சிடுவதில்லை. தங்க முலாம் பூசிய இணைப்பான்களைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

நீங்களே சோதியுங்கள். ஒரு மேடைப் பதிவை எடுத்து, முதல் பாடலின் கடைசி அரை நிமிடத்துக்குத் தாவி, அடுத்த பாடல் தொடங்கும் வரை கேளுங்கள். வெட்டு விழுந்தால் முதலில் செல்பேசிச் செயலியை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் விழுந்தால் லிரியனின் யு.பி.என்.பி. பிளக்-இன்னில் உள்ள அமைப்புகளை மாற்றிப் பாருங்கள். ஒரு முழு ஆல்பத்தை ஒரே தொடர்ச்சியான ஓடையாக அனுப்பும் வழியும் அதில் இருக்கிறது. அதுவும் கைகொடுக்காமல், உங்கள் ஸ்ட்ரீமர் ரூன் சான்றிதழ் பெற்றதாகவும் இருந்தால், ரூன் வாங்குவதற்கு நியாயமான காரணம் இதுதான். அதன் இணைப்பு முறையில் இந்த வெட்டு வருவதில்லை. இதற்குக்கூடத் தனி சர்வர் பெட்டி தேவையில்லை. வீட்டில் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஓரளவு வேகமான கணினி ஒன்று போதும்.

அந்த நிலை வந்து ரூன் வாங்கினாலும், விற்பனையாளர் வழியாக வாங்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியில் நேரடியாகக் கணக்குத் தொடங்குங்கள். உரிமம் கணக்கோடு பிணைந்தது. ஒரு நேரத்தில் ஒரு சர்வரில் மட்டும் இயங்கும். கணினியை மாற்றினால் உரிமத்தைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதைச் செய்யக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். "வாழ்நாள் உரிமத்தோடு வருகிறது" என்று விற்கப்படும் பெட்டிகளில் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான ஆல்பங்களை ஏற்றிய ஹார்ட் டிஸ்கை அன்பளிப்பாகத் தருகிறேன் என்றால் அது திருட்டு இசை; பெரும்பாலும் தாறுமாறான டேக்குகளோடு வந்து உங்கள் ஒழுங்கான நூலகத்தையும் கலைத்துவிடும். ஆடியோ தரம் என்று பெயர் சூட்டிய நெட்வொர்க் சுவிட்ச், லேன் கேபிள் எதையும் தொடாதீர்கள். அந்தப் பணத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அந்த 900 ஆல்பங்களுக்கும் ஒரு காப்பு நகல் எடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். எந்த மென்பொருளை நிறுவுவதாக இருந்தாலும் இந்த வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.