கரிசல் சாலையின் வெடிப்பும் ஐரோப்பிய ஆராய்ச்சி நிதியும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். கரிசல் மண்மீது போடப்படும் ஊரகச் சாலைகள் ஓரங்களில் நீளவாக்கில் வெடிப்பதைத் தடுக்க, சுண்ணாம்பையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் மண்ணில் கலந்து ஆய்வகத்தில் சோதித்து வருகிறேன். பிரான்ஸில் உள்ள ஒரு பேராசிரியரும், இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உள்ள என் நண்பரும், மூவருமாகச் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும்? எங்கள் கல்லூரிக்கு எவ்வளவு கேட்கலாம்?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021–2027 காலத்துக்கான ஆராய்ச்சித் திட்டமாகிய ஹொரைசன் யூரோப்பில் தொடக்கத்தில் ஏறத்தாழ 9,550 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. சாலை, போக்குவரத்து, பருவநிலை தொடர்பான அழைப்புகள், அதாவது விண்ணப்பம் கோரும் அறிவிப்புகள், அதன் ஐந்தாம் தொகுப்பில் வருகின்றன. சில விலக்குகள் தவிர, இத்திட்டத்தில் பொதுவாக உலகின் எந்த நாட்டு நிறுவனமும் பங்கேற்கலாம். ஆனால் பங்கேற்பதும் பணம் பெறுவதும் ஒன்றல்ல. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் இலங்கை இருப்பதால் உங்கள் மொரட்டுவை நண்பருக்கு ஐரோப்பியப் பங்காளரைப் போலவே நிதி கிடைக்கும். இந்தியாவும் சீனாவும் பிரேசிலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, அழைப்பில் வேறுவிதமாகக் குறிப்பிடப்படாதவரை, உங்கள் கல்லூரிக்கு ஒரு யூரோகூடத் தானாக வந்துவிடாது. மாதக்கணக்கில் உழைத்து அறிவியல் பகுதியை எழுதி முடித்த பிறகு இந்த விதியைக் கண்டு மனமொடிந்துபோன பேராசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

இதற்காக மனம் தளர வேண்டியதில்லை, உங்களுக்கு வழிகள் இருக்கின்றன. உங்கள் செலவை வேறொரு நிதியிலிருந்து ஈடுகட்டிக்கொண்டு இணைப் பங்காளராகச் சேரலாம். அப்போது நிதி ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட மாட்டீர்கள் என்றாலும், முடிவுகளை யார் பயன்படுத்தலாம், தரவு யாருக்குச் சொந்தம் என்பவற்றைத் தீர்மானிக்கும் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் உங்கள் கல்லூரியும் ஒரு தரப்பாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே வற்புறுத்துங்கள். உங்கள் பங்கேற்பு இல்லாமல் திட்டமே நடக்காது என்று மதிப்பீட்டாளர்கள் ஏற்கும்படி நிறுவினால், விதிவிலக்காக உங்களுக்கு நிதி தரவும் விதிகளில் இடமுண்டு. ஆனால், இந்தியாவில் ஆள்செலவு குறைவு என்பது போன்ற காரணம் அங்கே எடுபடாது. ஓராண்டில் பல முறை விரிந்து சுருங்கும் மண்மீது பல ஆண்டுகளாக ஓடும் சாலையும், அதன் தொடர் அளவீடுகளும் வேறெங்கும் கிடைக்காது என்பது போன்ற காரணம் எடுபடலாம்.

உங்கள் பிரெஞ்சுப் பேராசிரியர் ஏன் ஆர்வம் காட்டுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். கோடை வறட்சி நீண்டுகொண்டே போவதால் பிரான்ஸில் களிமண் நிலத்தின்மீது செல்லும் உள்ளூர்ச் சாலைகள் ஓரங்களில் வெடிக்கின்றன. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் லிங்கன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர் வட்டாரச் சாலைகளும் வறட்சி ஆண்டுகளில் அலையலையாக இறங்கி வெடிக்கின்றன. அங்குள்ள சாலைப் பொறியாளர்களுக்கு அண்மைக் காலத்தில் பெருந்தொல்லையாகிவிட்ட ஒன்று, எட்டயபுரத்திலும் சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் தலைமுறைகளாக உழவர்களுக்கும் சாலைப் பணியாளர்களுக்கும் பழக்கமானது. சித்திரை வெயிலில் கரிசல் காட்டு நிலம் கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடப்பதையும், ஐப்பசி அடைமழையில் அதே மண் ஊதி, பிளவு இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொள்வதையும் நாம் கண்ணெதிரே பார்க்கிறோம். சாலையின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரத்தில் மட்டும் மழையும் வெயிலும் மாறி மாறி மண்ணை நனைத்து உலர்த்துவதால், நடுப்பகுதி அசையாமல் நிற்க ஓரம் மட்டும் ஏறி இறங்கி, இரண்டும் சேருமிடத்தில் சாலை நீளவாக்கில் கிழிகிறது. உங்கள் விண்ணப்பத்துக்கு வலு சேர்ப்பது இந்த அனுபவந்தான். சாம்பலும் சுண்ணாம்பும் எத்தனை விழுக்காடு என்பது அதற்கு அடுத்தபடியாகவே வரும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரிகளிலிருந்து செல்லும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரு பொருளைக் கொண்டு தொடங்குகின்றன: பிளாஸ்டிக், சாம்பல், தென்னை நார், உடைத்த கான்கிரீட். நிதி தருபவரோ ஒரு கேள்வியுடன் காத்திருக்கிறார். ஹொரைசன் அழைப்பு ஒவ்வொன்றிலும் ‘எதிர்பார்க்கப்படும் விளைவுகள்’ என்றொரு பகுதி இருக்கும். விண்ணப்பம் அதற்கு வரிக்கு வரி பதில் சொல்கிறதா என்றுதான் மதிப்பீட்டாளர் பார்ப்பார். ‘கரிசல் மண்ணைச் சாம்பலும் சுண்ணாம்பும் கொண்டு நிலைப்படுத்துவோம்’ என்று எழுதினால் அது ஆய்வகப் பயிற்சியின் தலைப்பாக நின்றுவிடும். ‘ஆறு மாத வறட்சியைத் தொடர்ந்து பெருமழை பெய்யும் இடத்தில், குறைந்த போக்குவரத்துள்ள சாலையின் ஓரத்தை எந்த அகலத்துக்கு, எந்த ஆழத்துக்குப் பலப்படுத்தினால், எத்தனை பருவங்களுக்கு வெடிப்பைத் தள்ளிப்போடலாம், அதற்கு ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவாகும்’ என்று எழுதினால், பிரான்ஸிலும் தமிழ்நாட்டிலும் சாலையைப் பராமரிக்கும் பொறியாளர் தலைநிமிர்ந்து படிப்பார். இத்தகைய கேள்விகளைப் பழகிக்கொள்ள, ஐரோப்பியச் சாலை இயக்குநர்களின் மாநாடாகிய சி.இ.டி.ஆர். அமைப்பின் ஆராய்ச்சி அழைப்புகளைத் தேடிப் படியுங்கள். பல நாட்டுச் சாலை ஆணையங்கள் ஒரு பொது நிதியில் பணம் போட்டு, தங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை ‘ஆராய்ச்சித் தேவைகளின் விவரிப்பு’ என்ற ஆவணமாக வெளியிடும் ஏற்பாடு அது. நீங்கள் அங்கே விண்ணப்பிக்காவிட்டாலும், சாலைக்கு உரியவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பது அந்த ஆவணங்களில் தெளிவாகத் தெரியும்.

அடுத்து, சாலை யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட இதரச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளரிடம் போக வேண்டும். ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறையிடம் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான அலுவலகத்தில் வாங்கிய கடிதத்தை இணைத்த விண்ணப்பங்கள் உண்டு. கடிதத்தின் வாசகமும் முக்கியம். ‘இவ்வாராய்ச்சியை வரவேற்கிறோம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்ற கடிதம் மதிப்பீட்டாளருக்கு எதையும் சொல்வதில்லை. இன்ன எண்ணுள்ள சாலையில், கிலோமீட்டர் 3/200 முதல் 3/600 வரை 400 மீட்டர் நீளத்தைச் சோதனைப் பகுதியாக ஒதுக்குகிறோம், மூன்றாண்டுகளுக்கு அதன்மீது மேல்தளம் போடாமல் விடுகிறோம், போக்குவரத்துக் கணக்கெடுப்பைத் தருகிறோம் என்று எழுதி, பொறுப்புள்ள அதிகாரி கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், உங்கள் பத்துப் பக்க அறிவியலுக்கு இணையான வலிமை உடையது. கிண்டியிலுள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையத்தையும் அளவீட்டுப் பணியில் சேர்த்துக்கொள்ள முடிந்தால், திட்டம் முடிந்த பிறகும் முடிவுகள் துறைக்குள் வாழும் என்று காட்டலாம்.

இனிப் பணம் வந்து சேரும் வழி. சுயநிதிக் கல்லூரி என்பது பெரும்பாலும் ஓர் அறக்கட்டளையின் கீழ் நடப்பதால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, உங்களுக்குப் பொருந்தக்கூடும். அதன் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அத்தகைய பணத்தைப் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில் மட்டுமே பெற முடியும். வந்த பணத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு இல்லாத நிறுவனம் ஒரு குறிப்பிட்ட பணிக்காக முன் அனுமதி பெறலாம். செய்துகொடுக்கும் சேவைக்கான கட்டணமாகப் பணம் வருமானால் நிலைமை வேறுபடலாம் என்பதால், பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் உங்களுக்கு ஆய்வகச் சோதனைகளைத் துணை ஒப்பந்தமாகத் தரும் வழியையும் உங்கள் கணக்குத் தணிக்கையாளரிடம் எடுத்துக்காட்டி எழுத்தில் கருத்துப் பெறுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசகராக இருந்த ஒரு திட்டத்தில், ஒரு கல்லூரி இந்தப் பதிவைப் பற்றி யோசிக்காமலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வந்த தொகையை வங்கி நிறுத்திவைத்துப் பின்னர் திருப்பி அனுப்பியது. அதற்குள் கோடை முடிந்து மழை தொடங்கிவிட்டதால் சோதனைச் சாலையை அந்த ஆண்டு போடவே முடியவில்லை. அதில் வேலை செய்த ஆராய்ச்சி மாணவர் ஓராண்டை இழந்தார். இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே என் யோசனை, ஹொரைசனை இரண்டாம் படியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. உங்கள் பங்காளர் பிரான்ஸில் இருப்பது நல்வாய்ப்பு: 1987 முதல் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகமும் சேர்ந்து புது தில்லியில் நடத்தும் செஃபிப்ரா என்ற இந்தோ-பிரெஞ்சு மையம், இரு நாட்டு ஆராய்ச்சியாளர்களும் கூட்டாக அளிக்கும் திட்டங்களுக்கு நிதி தருகிறது. உங்கள் பங்கை நீங்களும் அவர் பங்கை அவரும் பெறுவீர்கள். அறிவிப்பில் உள்ள நிறுவனத் தகுதியைப் படித்துவிட்டு, தேவையானால் ஓர் அரசு நிறுவனத்தின் பேராசிரியரைத் தலைமை ஆராய்ச்சியாளராக வைத்து நீங்கள் துணையாக நில்லுங்கள். முதல் திட்டத்தில் இரண்டாம் பெயராக இருப்பதில் குறைவொன்றும் இல்லை. அதில் கிடைக்கும் இரண்டு மூன்று ஆண்டு அளவீடுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பியக் கூட்டமைப்புக்குள் நுழைந்தால், உங்களைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் தேடி வருவார்கள். நாளை ஜெர்மானியப் பங்காளர் ஒருவர் கிடைத்தால், 2010இல் தொடங்கிய இந்தோ-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் ‘2+2’ திட்டத்தையும் பாருங்கள். இரு நாடுகளிலிருந்தும் ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு தொழில் நிறுவனமும் சேர வேண்டும் என்பதால் அதற்குச் சாலை ஒப்பந்தக்காரர் ஒருவரின் துணை வேண்டும்.

முனைவர் பட்டம் பெற்ற உங்கள் மாணவர் யாரேனும் இருந்தால் அவர் ஐரோப்பாவுக்குச் சென்று ஆராய்ச்சி செய்ய ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு நல்கை இருக்கிறது. இதில் குடியுரிமை தடையல்ல. பட்டம் பெற்ற பின் ஆராய்ச்சி அனுபவம் எட்டு ஆண்டுகளுக்கு மேற்படாமலும், கடைசி 36 மாதங்களில், செல்லவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் தங்காமலும் இருந்தால் போதும். விண்ணப்பம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக மதிப்பெண் பெற்றால் அதே நிறுவனத்தோடு அடுத்த ஆண்டே மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பதால், அவசரமாக எழுதி அனுப்பிப் பார்க்கும் இடம் அதுவல்ல.

ஹொரைசனுக்கே போகும் நாள் வரும்போது நினைவில் வைக்க வேண்டியவை சில. பொதுவாகக் கூட்டமைப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தையோ அதனுடன் இணைந்த நாடுகளையோ சேர்ந்த, மூன்று வெவ்வேறு நாடுகளின் தனி நிறுவனங்களாவது இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது ஒன்றிய உறுப்பு நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நீங்களும் மொரட்டுவையும் பிரான்ஸும் என்ற மூவர் அணி மட்டும் போதாது. மதிப்பெண் மூன்று பகுதிகளுக்கு ஐந்து வீதம் பதினைந்து. வழக்கமாக ஒவ்வொன்றிலும் மூன்றையும் மொத்தத்தில் பத்தையும் எட்ட வேண்டும், ஆனால் பத்து வாங்கிய விண்ணப்பத்துக்கு நிதி கிடைப்பது அரிது. கருவிகளுக்குப் பெரும்பாலும் முழு விலை தரப்படாது, திட்டக் காலத்துக்குரிய தேய்மானம் மட்டுமே ஏற்கப்படும். எனவே உங்கள் நண்பர் புதிய கருவி ஒன்றின் முழு விலையை வரவு செலவில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடிச் செலவில், துணை ஒப்பந்தம் நீங்கலாக, 25 விழுக்காடு மறைமுகச் செலவாகச் சேர்க்கப்படும். கடைசி நேரம் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸ் நேரப்படி மாலை 5 மணி. அது நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. ஒரு மணி நேரக் குழப்பத்தில் கைநழுவிய விண்ணப்பங்கள் இருப்பதால் முதல் நாளே ஒருமுறை பதிவேற்றிவிடுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

காலத் திட்டத்தை மட்டும் நம் ஊர் மழையைப் பார்த்தே போடுங்கள். கடைசித் தேதியிலிருந்து முடிவு தெரிய ஐந்து மாதமும், ஒப்பந்தம் கையெழுத்தாக மேலும் மூன்று மாதமும் ஆகும். பிப்ரவரியில் விண்ணப்பித்தால் அக்டோபரில்தான் பணி தொடங்கும். அப்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், சாலை போட முடியாது. அடுத்த கோடை வரை காத்திருந்து போட்டு, குறைந்தது இரண்டு மழையும் இரண்டு கோடையும் அளந்தால்தான் கரிசலைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல இயலும். ஆக, 36 மாதத் திட்டம் உங்களுக்கு நெருக்கடியாகவே இருக்கும், 42 அல்லது 48 மாதம் கேளுங்கள்.

எந்த நிதிக்கும் காத்திராமல் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் வெடிப்புள்ள ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து, 50 மீட்டருக்கு ஓரிடம் என்று பத்து இடங்களில் ஓரமாக ஆணி அடித்து வண்ணம் பூசுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே மாணவர் வெடிப்பின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, ஓரத்து மண்ணை எடுத்து ஈரப்பதம் பார்த்து, அன்றைய மழையளவோடு ஒரு நோட்டில் எழுதட்டும். ஓராண்டு முடிந்ததும் அந்த நோட்டின் படியை உங்கள் பிரெஞ்சுப் பேராசிரியருக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தின் முதல் வரைபடம் அதிலிருந்துதான் வரையப்படும்.