அப்பாயியின் ஊருக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: பந்தலூர் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் இருக்கிறேன். வயது 17, பிளஸ் டூ படிக்கிறேன். என் அப்பாயி போன ஐப்பசியில் தவறிவிட்டார். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு 1970களில் இங்கே வந்தவர். கடைசி நாட்களில் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டார். தன் சமாதி மண் ஒரு பிடி எடுத்துப்போய், தன் அம்மாவைப் புதைத்த இடத்தில் போட வேண்டும். அங்கேயே நின்றுவிட்ட தங்கச்சிக்குத் தன் வெள்ளிக் கொலுசைக் கொடுக்க வேண்டும். "செத்தவங்க சொன்னாங்கன்னு வயசுப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது" என்கிறார் அப்பா. சித்தப்பா கூட வரத் தயார். நான் போகலாமா அக்கா?
வாசகி, பந்தலூர்

பதில்: போகலாம் கண்ணு. போகத்தான் வேண்டும். ஆனால் நீ சொன்ன வரிசையை மாற்றிக்கொள். மண்ணை முதலிலும் கொலுசைப் பிறகும் எழுதியிருக்கிறாய். எனக்குக் கொலுசுதான் முதலில் தெரிகிறது. உன் சின்ன அப்பாயி உயிரோடு இருக்கிறார். அக்கா போன சேதியை போனில்தான் கேட்டிருப்பார். மாரடித்து அழக்கூட அக்கா முகம் எதிரில் இல்லை. நீ அவரைப் பார்க்கப் போகிறாய் என்று வைத்துக்கொள், மற்றதெல்லாம் அவரைக் கேட்டுச் செய்.

மண்ணை எடுத்துப் போகாதே. அனுமதி இல்லாமல் மண் கொண்டுவருவதை இலங்கையும் தடுக்கிறது, இந்தியாவும் தடுக்கிறது. மண்ணோடு பயிர் நோய் வந்துவிடும் என்பதுதான் காரணம். நோய் என்ன செய்யும் என்று நம் குடும்பங்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1869-இல் இலங்கைக் காப்பிச் செடியில் இலைத்துரு விழுந்தது. கொஞ்ச காலத்துக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. காப்பி பறிக்கப் போன நம் பாட்டன் பூட்டன்மார் கொழுந்து பறிக்க நின்றது அப்படித்தான். அதனால் பெட்டிக்குள் ஒளித்து வைத்துக் கொண்டுபோகும் யோசனை வேண்டவே வேண்டாம். அப்பாயி கட்டிய நூல் சேலை ஒன்றை எடுத்துக்கொள். அவர் வாசனை அதில்தான் இருக்கிறது.

இப்போது உன் அப்பாவுக்கு. இதை அவரிடம் படித்துக் காட்டு.

அண்ணே, உங்கள் அம்மாவும் சின்னம்மாவும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் அவர்களைப் பிரித்துக்கொள்ள ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அண்ணன் ஒரு நாட்டுக்கு மனுப் போட்டான், தம்பி இன்னொரு நாட்டுக்குப் போட்டான். நானும் அந்தக் கணக்கில் வந்தவள். தலவாக்கலைப் பக்கம் பிறந்து, சின்னப் பிள்ளையாக 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக இந்த மலை ஏறினேன். என் அம்மா தன் அண்ணனை மறுபடி பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் மகள் போவது செத்தவருக்காக மட்டும் இல்லை அண்ணே. உங்கள் சின்னம்மாவுக்காகவும்தான். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

சரி கண்ணு, இனி உன் வேலை. முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திற. அந்த ஒப்பந்தத்தில் திரும்பி வந்த குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள், அது ரேஷன் அட்டை இல்லை. அதுவும் அப்பாயியின் பழைய பாஸ்போர்ட்டும் கிடைத்தால் தோட்டத்தின் பெயர் தெரிந்துவிடும். இது முக்கியம். அங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் கம்பெனி எழுதும் பெயர் ஒன்று, நம் ஜனங்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று. அப்பாயி சொன்ன பெயரை மேப்பில் தேடினால் கிடைக்காமல் போகலாம். தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல் கணக்கா கீழ்க் கணக்கா என்பதையும் சின்ன அப்பாயியிடம் கேட்டு எழுதி வை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போ. பழைய மஸ்கெலியா டவுன் இப்போது மவுசாகலை அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. 1960களின் கடைசியில் மூழ்கியது. கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். பூட்டியைப் புதைத்த இடமும் அடையாளம் இல்லாமல் போயிருக்கலாம். தோட்டத்து மயானத்தில் எல்லோருக்கும் கல் நட வசதி இருந்ததா என்ன? பல இடங்களில் மேலேயே தேயிலை நட்டுவிட்டார்கள். சின்ன அப்பாயி கை காட்டும் இடத்தில் சூடம் ஏற்று. அவருக்கும் இடம் தெரியவில்லை என்றால், அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஏற்று. அதில் குறை ஒன்றும் இல்லை.

பாஸ்போர்ட்டுக்கு உன் வயதில் அப்பா அம்மா சம்மதம் வேண்டும். 15 வயது தாண்டியதால் 10 வருடப் பாஸ்போர்ட்டே கேட்கலாம். அதையே கேள், இன்னொரு முறையும் நீ போவாய். இலங்கைக்கு ஆன்லைன் பயண அனுமதியை அந்த அரசின் சொந்தத் தளத்திலேயே எடு. அதே போல ஜோடித்துப் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. சித்தப்பாவோடு போவதால் அப்பா அம்மா கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று பையில் இருக்கட்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து போன பழைய தலைமன்னார் கப்பல் 1980களிலேயே நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கப்பல் இலங்கையின் வடக்கே காங்கேசன்துறைக்குத்தான் போகும். அங்கிருந்து மலைநாடு ரொம்பத் தூரம். விமானத்தில் கொழும்பு போய், பதுளை ரயிலில் ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்தால் மஸ்கெலியா. மண்சரிவில் அந்த ரயில் பாதை அடைபடுவது உண்டு, விசாரித்துக்கொள்.

பரீட்சையை முடித்துவிட்டு ஏப்ரலில் போ. சித்திரைப் புத்தாண்டுக்கு, கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் லயத்துக்கு வந்திருப்பார்கள், சொந்தம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சிவனொளிபாதமலைக்கு (ஆதம் சிகரம்) யாத்திரை போகிற கூட்டமும் அப்போது ஹட்டனில் இருக்கும், பஸ்ஸில் இடம் கிடைக்காது. வருடப் பிறப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடு.