தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலமா? உடலியல் கேள்வி-பதில்

கே: பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களின் 206-ஐவிட அதிக எலும்புகள் என்கிறார்களே, மிச்சமெல்லாம் எங்கே போகின்றன?

ப: எங்கும் போவதில்லை. 300-க்குக் கொஞ்சம் முன்பின் இருப்பவை வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முதுகெலும்பின் அடிப்பக்கத்து 5 முள்ளெலும்புகள் சேர்ந்துதான் சேக்ரம் என்ற ஒரே எலும்பு.

கே: இடது நுரையீரலுக்கு 3 மடல்கள் என்று குறிப்பெடுத்திருக்கிறேன். சரிதானே?

ப: தவறு. வலதில் 3, இடதில் 2. எத்தனை முறை எழுதுவது? படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். உங்கள் இடக்கைப் பக்கம் தெரிவது அவருடைய வலது.

கே: தமனியில் ஆக்சிஜன் உள்ள ரத்தம், சிரையில் ஆக்சிஜன் இல்லாத ரத்தம். தேர்வுக்கு இந்த வரையறை போதுமா?

ப: போதாது. இந்த ஒரு வரியை ஒழித்துக்கட்டும்வரை நான் ஓயப்போவதில்லை. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. திசைதான் கணக்கு. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். தொப்புள்கொடியின் 2 தமனிகளிலும் அதேதான். சிசுவுக்கு ஆக்சிஜன் கொண்டுவருவது அதிலுள்ள ஒற்றைச் சிரை. இவற்றை ‘விதிவிலக்கு’ என்று தனியாக உருப்போடுகிறார்கள். வரையறையை ஒழுங்காகப் படித்தால் அந்த வேலையே இல்லை. (குடலிலிருந்து வரும் கல்லீரல் போர்ட்டல் சிரை மட்டும் நேராக இதயத்துக்குப் போகாமல் ரத்தத்தை முதலில் கல்லீரலுக்குக் கொண்டுபோகும். அது வேறு கதை.)

‘இல்லாத’ என்பதும் பிசகு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் முக்கால்வாசி ஆக்சிஜனோடுதான் வருகிறது. நிறமும் கருஞ்சிவப்பு, பாடப்படத்து நீலம் அச்சகத்து மை.

திசையைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த ஒரு சிரையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். இடையில் வால்வு இருந்தால் வழித்த இடம் நிரம்பாது. மேலே போன ரத்தத்தை அது திரும்ப விடாது. கீழ்விரலையும் எடுங்கள், சட்டென்று புடைக்கும். ரத்த ஓட்டத்தை விளக்கிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் தன் நூலில் படம் போட்டுக் காட்டியது இதைத்தான்.

கே: சிறுநீரகங்கள் நாளுக்கு 180 லிட்டர் வடிக்கின்றனவாம். நான் குடிப்பதே 2 லிட்டர். அச்சுப்பிழையோ?

ப: இல்லை. உடம்பில் இருக்கும் 3 லிட்டர் பிளாஸ்மாவே (ரத்தத்தின் திரவப் பகுதி) நாளுக்கு 60 தடவை வடிகட்டப்படுகிறது. 99 சதவீதம் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் திரும்ப உறிஞ்சப்பட்டு, சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் சொச்சம்.

கே: நாளை மறுநாள் தேர்வு. நரம்பு மண்டலம் முழுவதையும் ஒரே அட்டவணையாகப் போட்டு அனுப்பவும்.

ப: அனுப்ப மாட்டேன். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நியூரானை (நரம்பு செல்) வரைந்து பாகம் குறியுங்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து படியுங்கள்.

கே: புத்தகத்தில் நாடி நிமிடத்துக்கு 72. எனக்கு 58. இதயக் கோளாறா?

ப: 72 வெறும் சராசரி. 60 முதல் 100 வரை இயல்பு. நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 60-க்குக் கீழேயும் இருக்கும். பாடப்புத்தக எண்ணை வைத்து உங்களுக்கு நீங்களே நோய் கண்டுபிடிக்காதீர்கள். தலைச்சுற்றல், மயக்கம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள், எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

கே: காற்றை இழுப்பதால் மார்பு விரிகிறதா, மார்பு விரிவதால் காற்று வருகிறதா?

ப: இரண்டாவது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிக் கீழே இறங்கும். உள்ளே அழுத்தம் குறையும், காற்று தானாக நுழையும்.